வானில் அரசியல் இல்லையா?

1894ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பேர்லின் நகரிலே சிறியதோர் இயந்திரத் தொழிற்சாலையை நடத்திவந்த ஒட்டோ லிலியந்தால் என்னும் பொறியியலாளர், சமூகச் சீர்திருத்தக் கருத்துக்களாற் பெயர்பெற்றிருந்த மொரிட்ஸ் வொன் எகிடி என்பவருக்கு ஒரு கடிதம் வரைந்தார். மனிதன் தன்னிச்சையாகப் பறக்கக் கற்றுக்கொள்வானாயின் நாடுகளின் எல்லைகள் பொருளற்றுப்போம். வானத்தின் உச்சிவரை எந்த அரசினாலும் வேலி அடைக்க முடியாது. மொழி வேற்றுமைகள் நாளடைவில் மங்கும். மக்களின் செல்வத்தை விழுங்கும் படைகளும் அரண்களும் பயனிழக்கும். பிணக்குகளைக் குருதி சிந்தாமல் தீர்க்கும் வழியைத் தேடவேண்டிய கட்டாயம் பிறக்கும். அதன்வழி நிலைத்த சமாதானம் கைகூடும். கடிதத்தின் சாரம் இதுவே.

இவ்வாறு எழுதியவர் வெறுங்கனவு காண்பவர் அல்லர். 1891 முதல் தாமே செய்த இறக்கைகளைப் பூட்டிக்கொண்டு மேட்டுநிலங்களிலிருந்து பாய்ந்து பாய்ந்து பழகியவர். மரக்கொம்பும் பருத்தித் துணியும் கொண்டு அமைந்த அவ்விறக்கைகளால் ஏறத்தாழ 250 மீற்றர் தூரம்வரை மிதந்தார். இதற்கென்றே ஒரு செயற்கைக் குன்றையும் எழுப்பினார். தம் தொழிற்சாலை இலாபத்திற் காற்பங்கைத் தொழிலாளருக்குப் பகிர்ந்தளித்தார். உழைப்பாளர் காணத்தக்க மலிவான கட்டணத்தில் நாடகம் நடத்திய அரங்கொன்றுக்கும் துணைநின்றார். 1896 ஆகஸ்ட் 9ஆம் நாள் காற்றில் நிலைகுலைந்து வீழ்ந்து, மறுநாள் உயிர்நீத்தார்.

கடிதம் எழுதப்பட்டுப் பதினேழு ஆண்டுகள் கழிந்தன. 1911 நவம்பர் 1ஆம் நாள், ஜூலியோ கவோத்தி என்னும் இத்தாலிய விமானி, லிபியாவிலே தன் நாட்டின் படையெடுப்பை எதிர்த்து நின்றோர்மீது விமானத்திலிருந்து சிறு குண்டுகளை வீசினான். விமானத்திலிருந்து குண்டெறியும் தொழிலுக்குத் தொடக்கம் அதுவே. எல்லைகள் பொருளற்றுப்போம் என்று லிலியந்தால் சொன்னது ஒருவகையிற் பலித்துவிட்டது.

போர்விமானங்களைப் பற்றி எழுதுவது நமது நோக்கமன்று. அவற்றைப் பற்றி நமது வாசகரிடையே பெரிய ஐயம் எதுவுமில்லை. நாம் எடுத்துக்கொண்ட விடயம் அதனினும் நுண்ணியது. ஊதியத்துக்காகவோ கட்டளைக்காகவோ அன்றி, பறத்தலின் இன்பத்துக்காகவே பறப்பவர்கள் உளர். கிளைடர் எனப்படும் இயந்திரமற்ற விமானத்தில் மிதப்போர், பரசூட் விரித்துக் குதிப்போர், துணியிறக்கையில் தொங்கி மலையுச்சியிலிருந்து இறங்குவோர் எனப் பல திறத்தினர். இவர்களிடம் அவ்வின்பம் யாது என்று வினவினால் பெரும்பாலும் ஒரே விடை கிடைக்கும்: மேலே சென்றபின் கீழுள்ள சச்சரவு எதுவும் தெரிவதில்லை, வானத்தில் அரசியல் இல்லை. இவ்விடையை எள்ளி நகையாட நாம் விரும்பவில்லை. ஆனால் அறநோக்கில் அது எவ்வளவு தூரம் செல்லும்? தன்னளவிற் குற்றமற்ற ஓர் இன்பத்தைத் துய்ப்பவன், அவ்வின்பம் யாருடைய நிலத்தில், யாருடைய கைகளால், யாரை விலக்கிவிட்டு நடைபெறுகின்றது என்று கேட்கக் கடமைப்பட்டவனா?

நம் தோழர்களுட் சிலர் இக்கேள்வியையே வேண்டாததெனத் தள்ளிவிடுவர். பசித்தவர் வாழும் உலகில் ஒருவன் காற்றில் மிதந்து களிப்பது செல்வர் விளையாட்டு. அதில் அறத்தை ஆராய என்ன இருக்கின்றது என்பர். இக்கருத்துக்கு நேர்மையான உள்ளம் ஒன்று பின்னணியாக இருத்தல் கூடும். எனினும் நாம் இதனை ஏற்பதற்கில்லை. உழைப்பவனுக்கு உணவு வேண்டும், உறைவிடம் வேண்டும், அவை கிடைக்கும்வரை ஆசைகள் காத்திருக்கட்டும் என்னும் வாதம், தோட்டத்துரை கூலி உயர்வை மறுக்கும்போது பேசும் பேச்சிலிருந்து அதிகம் வேறுபட்டதன்று. ஏழைக்கு எது போதும் என்று அளந்து கொடுக்கும் உரிமையை யார் நமக்கு அளித்தார்?

ஐக்கிய அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்திலே, 1892இல், குத்தகை நிலத்தில் பருத்தி பயிரிட்ட கறுப்பினக் குடும்பம் ஒன்றில் பெசி கோல்மன் பிறந்தார். பருத்தி பறித்தும், துணி வெளுத்தும், பின்னர் சிக்காக்கோ நகரின் சிகையலங்காரக் கடையொன்றில் நகம் திருத்தியும் வாழ்ந்த பெண் அவர். பறக்கவேண்டும் என்னும் விருப்பம் அவரைப் பற்றிக்கொண்டது. கறுப்பர் என்பதாலும் பெண் என்பதாலும் அமெரிக்காவின் எந்தப் பறப்புப் பள்ளியும் அவரைச் சேர்க்கவில்லை. பிரெஞ்சு மொழியைக் கற்று, கடல் கடந்து, பிரான்சின் ல குரொத்துவா என்னும் ஊரிலிருந்த கோதுரோன் சகோதரரின் பள்ளியிற் பயின்று, 1921 ஜூன் 15ஆம் நாள் விமானியாகச் சான்றிதழ் பெற்றார். நாடு திரும்பியபின் ஊர்கள்தோறும் வானவித்தை காட்டிப் பணம் திரட்டினார். தம்மினத்தவருக்கென ஒரு பறப்புப் பள்ளி நிறுவுவதே அவர் குறிக்கோள். 1926 ஏப்ரல் 30ஆம் நாள், மறுநாட் காட்சியில் பரசூட்டுடன் குதிப்பதற்கு இடம் பார்க்கும்பொருட்டு இடுப்புப்பட்டியைக் கழற்றி எட்டி நோக்கியவாறு பறந்துகொண்டிருந்தபோது, விமானம் கட்டுப்பாடிழந்து கவிழ்ந்தது. அவர் கீழே வீழ்ந்து மாண்டார். விமானத்தின் பற்சக்கரங்களுக்கிடையே திருகுசாவியொன்று சிக்கியிருந்ததே காரணம் என்று பின்னர் கண்டனர்.

அவருடைய வாழ்வில் ஒரு செய்தி நமது ஆராய்ச்சிக்கு முக்கியமானது. தம் சொந்த மாநிலத்தில் ஒரு காட்சிக்கு ஏற்பாடு செய்தவர்கள், வெள்ளையருக்கு ஒரு வாயிலும் கறுப்பருக்கு ஒரு வாயிலும் வைக்க எண்ணினர். வாயில் ஒன்றாக இராவிடின் பறக்கமாட்டேன் என்று அவர் மறுத்து நின்றார் என அவரது வரலாற்றை எழுதியோர் குறிப்பர். வாயில் ஒன்றாயிற்று. உள்ளே இருக்கைகள் பிரிந்தே இருந்தன. வெற்றி அரைகுறையானதுதான். ஆயினும் விமானத்தில் ஏறுமுன் வேலியைப் பார்த்துவிட்டு ஏறினார் என்பதை நாம் மனத்தில் வைத்துக்கொள்வோம்.

இனி, வானில் அரசியல் இல்லை என்னும் கூற்றைச் சோதிப்பதற்கு மிகப் பொருத்தமான இடத்துக்குச் செல்வோம். ஜேர்மனியின் நடுப்பகுதியில், ரோன் மலைத்தொடரில், 950 மீற்றர் உயரமான வாசர்குப்பே என்னும் மொட்டைக் குன்று உண்டு. மரமற்ற சரிவுகள், எப்போதும் வீசும் காற்று. முதலாம் உலகப்போரின்முன்னரே டார்ம்ஸ்டட் நகரின் மாணவர்கள் தாமே செய்த கிளைடர்களைக் கொண்டு இங்கு பழகினர். போர் முடிந்து 1919இல் வெர்சாய் உடன்படிக்கை கையொப்பமாயிற்று. ஜேர்மனி வான்படை வைத்திருத்தல் தடுக்கப்பட்டது. இயந்திர விமானங்களைக் கட்டுவதும் சிலகாலம் விலக்கப்பட்டது. ஆனால் இயந்திரமற்ற விமானத்தை உடன்படிக்கை கவனிக்கவில்லை. அது விளையாட்டுப் பொருளெனக் கருதப்பட்டது போலும். பறப்பு விளையாட்டுச் சஞ்சிகையொன்றின் ஆசிரியராகவிருந்த ஒஸ்கார் உர்சினுஸ் அழைப்பு விடுத்தார். 1920இல் முதலாவது ரோன் போட்டி நடைபெற்றது.

அங்கு வந்தோர் பெரும்பாலும் தொழில்நுட்பக் கல்லூரி மாணவரும் வேலையற்றுத் திரிந்த முன்னாள் விமானிகளும் ஆவர். பணம் இல்லை, ஒட்டுப்பலகையும் துணியும் பசையும் இருந்தன. இவ்வறுமையிலிருந்து பிறந்த அறிவு அற்புதமானது. மலைச்சரிவில் மோதும் காற்று மேல்நோக்கித் திரும்புகின்றது. கிளைடர் காற்றினூடு தாழும் வேகத்தைவிட அக்காற்று உயரும் வேகம் மிகுதியாயின், கிளைடர் தாழ்ந்தும் உயர்கின்றது. இதனை நன்கறிந்து அமைக்கப்பட்ட ஹனோவர் மாணவரின் 'வம்பீர்' என்னும் கிளைடரில், 1922 ஆகஸ்டில் ஆர்தர் மார்ட்டென்ஸ் ஒரு மணி நேரத்துக்கு மேலாகவும், சில நாட்களின் பின் ஹென்ட்சன் மூன்று மணி நேரத்துக்கு மேலாகவும் வானில் நின்றனர். லிலியந்தாலின் பாய்ச்சல்கள் வினாடிக் கணக்கில் முடிந்தவை என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் பெருமை விளங்கும். பின்னர், வெயிலிற் சூடேறிய நிலத்திலிருந்து தூண்போல் எழும் காற்றையும், அதன் உச்சியில் திரளும் வெண்முகிலையும் படித்தறிந்தனர். நமது வெளிகளின்மேல் இறக்கை அசைக்காது வட்டமிடும் பருந்து என்றோ அறிந்திருந்த பாடந்தான் அது.

ஆயின் ஒருவன் இவ்வாறு பறப்பதற்கு முன்பு நிலத்தில் என்ன நடந்தது? கிளைடரின் மூக்கிலே நீண்ட றப்பர்க் கயிறொன்றைக் கொளுவி, அதன் இரு கிளைகளையும் பக்கத்துக்கு நால்வர் ஐவராகப் பற்றிக்கொள்வர். வாலைச் சிலர் பிடித்து நிற்பர். கட்டளை பிறந்ததும் கயிறு பிடித்தவர்கள் சரிவை நோக்கி முதலில் நடப்பர், பின்னர் முழுமூச்சாய் ஓடுவர். றப்பர் இழுபட்டு விறைக்கும். வாலைப் பிடித்தோர் விட்டுவிடுவர். கவணிலிருந்து விடுபட்ட கல்லைப்போலக் கிளைடர் அவர்கள் தலைக்கு மேலாகக் காற்றில் ஏறும். பறந்தவன் அடிவாரத்தில் இறங்கினால், அவர்களே மறுபடியும் விமானத்தை மேலே இழுத்து வருவர். ஒருவன் சில நிமிடம் பறக்கப் பத்துப்பேர் ஓடினர். அடுத்த முறை அவன் ஓட, வேறொருவன் பறந்தான். இதனினும் சிறந்த கூட்டுழைப்புப் பள்ளியொன்றைக் கற்பனை செய்வதரிது. அவர்கள் கையிலிருந்த கயிற்றின் றப்பர் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று எவரும் பதிந்துவைத்திருக்கப் போவதில்லை. அக்காலத்து உலக றப்பரிற் பெரும்பகுதி மலாயா, டச்சுக் கிழக்கிந்தியா, இலங்கை ஆகிய நாடுகளிற் கூலிகள் பால் வெட்டிப் பெற்றது என்பதை மட்டும் இங்கு குறிப்போம்.

எனவே, பறப்பவன் தனியன் என்பதும், அவன் கீழுலகத்தொடர்பை அறுத்துக்கொண்டவன் என்பதும் வெறும் தோற்றமே. காற்றில் நிற்கும் அந்த ஒரு மணி நேரம் பலருடைய கால்களினால் உந்தப்பட்ட ஒரு மணி நேரம். மேலேயிருந்து பார்க்கும்போது அவர்கள் புள்ளிகளாகத் தெரிகின்றனர் என்பதனால் அவர்கள் இல்லாது போய்விடுவதில்லை.

அரசியலும் அக்குன்றில் ஆரம்பத்திலிருந்தே நின்றது. கல்லாகவும் வெண்கலமாகவும் நின்றது. 1923இல், போரில் மாண்ட ஜேர்மன் விமானிகளுக்கு அங்கு ஒரு நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. பாறைமேல் ஒரு கழுகு அமர்ந்து மேற்குத் திசையை நோக்குகின்றது. மேற்கே பிரான்சு. மாண்ட விமானிகள் மக்களை விளித்து, மீண்டும் பறவுங்கள், வெல்வீர்கள் என்று கூறுவதாக அதில் எழுத்துப் பொறிக்கப்பட்டது. ஹிட்லர் ஆட்சிக்கு வருவதற்குப் பத்து ஆண்டுகள் முன்பு நிகழ்ந்தது இது. அக்கழுகின் நிழலிற் கிளைடர் பூட்டிய மாணவர்கள் எத்தனை பேர், நாம் விளையாட வந்திருக்கின்றோமா, வேறெதற்கோ வந்திருக்கின்றோமா என்று தம்மைத்தாமே கேட்டிருப்பர்?

கேட்டவர்களும் இருந்தனர் என்பதைச் சொல்லாவிடின் நாம் உண்மைக்குத் துரோகம் செய்தவராவோம். 1920களின் இறுதியிற் பேர்லினில், உழைப்பாளருக்கான பறப்புக் கழகம் ஒன்று 'ஸ்டூர்ம்ஃபோகல்', அதாவது புயற்பறவை, என்னும் பெயரில் அமைந்தது. கார்க்கியைப் படித்தவர்களுக்கு இப்பெயர் புதியதன்று. பட்டறைத் தொழிலாளரும் பயிற்சித் தொழிலாளரும் வேலைநேரம் போக எஞ்சிய பொழுதிற் கிளைடர் கட்டிப் பறந்தனர். பறத்தல் செல்வர் விளையாட்டு என்போர்க்கு இவர்களே விடை. 1933இல் நாசிகள் அதிகாரத்தைக் கைப்பற்றியதும் இக்கழகத்தின் கதை முடிந்தது. ஏனைய கழகங்கள் யாவும் ஒரே அரச அமைப்புக்குள் அடக்கப்பட்டன. 1937இல் அவை நாசிப் பறப்புப் படைப்பிரிவாகவே மாறின. ஹிட்லர் இளைஞர் இயக்கத்துச் சிறுவர்கள் குன்றுகள்தோறும் கயிறு பிடித்து ஓடினர். 1940 மே 10ஆம் நாள் விடியற்காலையில், இயந்திர ஒலி எதுவுமின்றி, பெல்ஜியத்தின் எபன் எமாயல் கோட்டையின் மேற்றளத்திற் கிளைடர்கள் இறங்கின. எழுபதுக்கு மேற்பட்ட படைவீரர் அவற்றிலிருந்து வெளிப்பட்டனர். விளையாட்டுப் பொருளென்று உடன்படிக்கை கவனியாது விட்ட அந்த விமானமே, தாக்க முடியாததெனப் பேர்பெற்ற அரணைத் திறந்துவிட்டது.

ஒரே மலைகளிற் பெயர்பெற்ற இருவரின் வாழ்வை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்போம். வியன்னாவிற் பிறந்த ரொபேர்ட் குரொன்ஃபெல்ட் ஒரு யூதர். 1929 மே மாதத்தில், கிளைடரில் நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்தை உலகில் முதன்முதலாகக் கடந்தவர் அவரே. 1931 ஜூனில் ஆங்கிலக் கால்வாயை ஒரே நாளில் இருமுறையும் தாண்டினார். 1933இல் ஜேர்மனியில் பறக்கும் உரிமை அவருக்கு மறுக்கப்பட்டது. நாட்டைவிட்டு வெளியேறிப் பிரித்தானியாவில் தஞ்சம் புகுந்தார். 1948 பெப்ரவரியில், இறக்கையே உடலாக அமைந்த புதுவகை விமானமொன்றைப் பரிசோதிக்கையில் அங்கே மாண்டார்.

மற்றவர் ஹன்னா ரைட்ச். 1912இற் பிறந்த இவர், சிலேசியாவின் குருனாவ் குன்றுகளிற் கிளைடர் பயின்று, கிளைடர் வீராங்கனையாகப் புகழ்பெற்று, பின்னர் அரசின் பரிசோதனை விமானியாக உயர்ந்தார். படைவீரரை ஏற்றும் கிளைடர்களைப் பரிசோதித்தோருள் அவரும் ஒருவர். ஹிட்லரின் ஆட்சி அவருக்கு இரும்புச் சிலுவை விருது வழங்கிற்று. 1944 பெப்ரவரியில் ஹிட்லரை நேரிற் கண்டு, விமானியின் உயிரையே பலியாகக் கொள்ளும் தாக்குதல் திட்டமொன்றை எடுத்துரைத்தவரும் அவரே. 1945 ஏப்ரலின் இறுதியில், செஞ்சேனை சூழ்ந்துநின்ற பேர்லினுக்குள் பறந்து சென்று ஹிட்லரின் நிலவறையை அடைந்தார். போரின்பின் எழுதிய நினைவுநூலுக்குப் 'பறத்தலே என் வாழ்வு' என்று பெயர் சூட்டினார். தாம் பறந்தவரேயன்றி அரசியல் செய்தவர் அல்லர் என்பது அவரது நிலைப்பாடு. நூலின் தலைப்பே அவருடைய வழக்குரையாகவும் அமைந்துவிட்டது.

அவரைக் கண்டிப்பது எளிது. கண்டிக்கும் காரணத்தைச் சரியாகச் சொல்வதே கடினம். 1922இல் 'வம்பீர்' கிளைடரை இழுத்துக்கொண்டு ஓடிய மாணவனைப் பார்த்து, பதினெட்டு ஆண்டுகளின் பின் எபன் எமாயலில் நிகழப்போவதற்கு நீயே பொறுப்பு என்று சொல்லுதல் நீதியாகாது. விளைவை முன்னறிந்தவனே பொறுப்பாளி என்று கொண்டால், அம்மாணவன் விடுதலையாகிவிடுகின்றான். அவ்வாறே எவரும் எதையும் முன்னறியவில்லை என்று கூறித் தப்பிவிடலாம். வானில் அரசியல் இல்லை என்போரின் வலிமை முழுவதும் இங்கேதான் தங்கியுள்ளது. எதிர்காலத்தைப் பற்றிக் கேளாதே, எனக்குத் தெரியாது என்கின்றனர்.

நாம் அவர்களிடம் எதிர்காலத்தைப் பற்றிக் கேட்கவில்லை. 1933ஆம் ஆண்டுக் கோடையில் வாசர்குப்பேயில் நின்றவனுக்கு எதையும் முன்னறியத் தேவையிருக்கவில்லை. நேற்றுவரை தூரச் சாதனையில் முதல்வனாக நின்றவன் இன்று வரவில்லை. தொழிலாளர் கழகத்தின் கொட்டகை பூட்டிக் கிடந்தது. கயிற்றின் கிளையிலே ஓர் இடம் வெறுமையாக இருந்தது. அதைக் காண்பதற்குத் தத்துவமோ தீர்க்கதரிசனமோ வேண்டியதில்லை, பக்கத்திலே திரும்பிப் பார்த்தாற் போதும். பிறர் கைகளால் உயர்த்தப்பட்டவன், அக்கைகளுள் ஒன்று காணாமற்போனபோது ஏன் என்று கேட்கக் கடன்பட்டவன். அவ்வினா எழாத இடத்தில், குற்றமற்ற இன்பம் என்னும் சொல் பொய்யாகத் தொடங்குகின்றது. ரைட்சின்மீது நாம் சாட்டும் முதற்குற்றம் அவர் விருது பெற்றதன்று. குரொன்ஃபெல்ட் இல்லாத வானம் அவருக்கு முன்போலவே அழகாக இருந்தது என்பதே.

இவ்வளவுகோலைப் பிறருக்கு மட்டும் பயன்படுத்தி நமக்குச் சலுகை வழங்கிக்கொள்ளக் கூடாது. சோவியத் நாட்டில் 1923 முதல் கிரிமியாவின் கொக்தெபெல் குன்றுகளிற் கிளைடர் விழாக்கள் நடைபெற்றன. 1927இல் உருவான ஒசோவியாகிம் என்னும் பெருஞ்சங்கம், தொழிலாளர் குடியானவர் பிள்ளைகளுக்குப் பறப்புக் கழகங்களின் கதவைத் திறந்துவிட்டது. கூட்டுப்பண்ணைத் தச்சரொருவரின் மகனான யூரி ககாரின், 1955இல் சரத்தோவ் நகரின் பறப்புக் கழகமொன்றிலேயே முதன்முதற் தனித்துப் பறந்தார். இச்சாதனையை நாம் பெருமையுடன் கூறுகின்றோம். அச்சங்கமும் இளைஞரைப் போருக்கு ஆயத்தம் செய்ததென்பதை மறைக்கவுமில்லை. அதே கொக்தெபெலில் 1929இல் தன் கிளைடரைப் பறக்கவிட்ட இளம் பொறியியலாளர் செர்கேய் கொரலியோவ், பின்னாளிற் ககாரினை விண்வெளிக்கு அனுப்பிய மேதை, 1938 ஜூனிற் பொய்க்குற்றச்சாட்டில் கைதாகிக் கொலிமாவின் தங்கச் சுரங்கத்துக்கு அனுப்பப்பட்டார். குற்றமற்றவர் என்று 1957இலேயே முழுமையாக அறிவிக்கப்பட்டது. அங்கும் கயிற்றில் ஓர் இடம் வெறுமையாயிற்று. அச்சத்தினால் வாய்மூடியவனையும், நிறைவினால் வாய்மூடியவனையும் நாம் ஒரே தராசில் வைக்கவில்லை. ஆயினும் நமது அணியில் நிகழ்ந்தது என்பதற்காக வெற்றிடம் நிரம்பிவிடாது.

கதை ஜேர்மனியோடு முடிந்திருந்தால் நம்மவருக்கு அது தொலைதூரச் செய்தியாகியிருக்கும். 1959இல் ஹன்னா ரைட்ச் இந்தியாவுக்கு வந்தார். பிரதமர் நேருவைக் கிளைடரில் ஏற்றி டில்லியின்மேற் பறந்தார். 1962இல் கானாவின் குவாமி நிக்ரூமா அவரை அழைத்தார். அக்ராவிற்கு அண்மையில் அஃபியென்யா என்னுமிடத்தில் தேசிய கிளைடர்ப் பள்ளியொன்று எழுந்தது. அதனை நடத்தியவர் ரைட்ச். ஏகாதிபத்தியத்தை எதிர்த்து ஆபிரிக்காவைத் தட்டியெழுப்பிய தலைவர், தம் நாட்டு இளைஞருக்குப் பறக்கக் கற்பிக்க ஹிட்லரின் விமானியைத் தேர்ந்தெடுத்தார்.

நிக்ரூமாவின் நோக்கத்தில் நாம் குறை காணவில்லை. அடிமை நாட்டின் பிள்ளை வானத்தை அண்ணாந்து பார்ப்பவனாகவே வளர்க்கப்பட்டான். அங்கே பறப்பவன் வெள்ளையன், கீழே நின்று பார்ப்பவன் கறுப்பன். அந்த மனப்பழக்கத்தை முறிக்கக் கிளைடரைப்போல் மலிவான கருவி வேறில்லை. பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும். உலகப்புகழ் பெற்ற ஒருவர் வருகின்றார். கலையைக் கற்போம், கலைஞரின் பழங்கணக்கைக் கிளறுவானேன் என்று அவர் எண்ணியிருத்தல் கூடும். கலையையும் கலைஞரையும் இவ்வாறு பிரித்துப் பார்க்கலாம் என்பாரும் உளர். நாம் அவ்வளவு துணியோம். கிளைடர் பள்ளியிற் கற்பிக்கப்படுவது கைப்பிடியை அசைக்கும் முறை மட்டுமன்று; யார் கயிறு பிடிப்பது, யார் முதலிற் பறப்பது, கட்டளைக்குப் பணிவது எப்படி, எப்போது பணியாதிருப்பது என்பனவும் அங்கே படிப்பினைகளாகும். கடைசிப் பாடத்தை ரைட்சிடம் கற்றிருக்க முடியாது. 1966 பெப்ரவரி 24ஆம் நாள் படைச்சதியினால் நிக்ரூமாவின் ஆட்சி கவிழ்ந்தது. ரைட்ச் கானாவைவிட்டு வெளியேறினார்.

நமது நாட்டில் இவ்வினா வேறு வடிவம் கொள்கின்றது. வடக்கிலே ஒரு தலைமுறை முழுவதும் விமான ஒலி கேட்டவுடன் பதுங்குகுழி தேடி ஓடிற்று. அத்தலைமுறையின் குழந்தைக்கு வானத்தில் அரசியல் இல்லை என்று எவரும் கற்பிக்க முடியாது. பலாலி விமானத்தளம் இரண்டாம் உலகப்போர்க் காலத்திற் பிரித்தானியராற் சமைக்கப்பட்டது. 1990இன் பின் அதனைச் சூழ்ந்த கிராமங்களின் மக்கள் வெளியேற்றப்பட்டு, தோட்டத்தையும் கிணற்றையும் கோயிலையும் விட்டு, திரும்புதற்குப் பல்லாண்டுகள் காத்திருந்தனர். 2019 ஒக்டோபரில் அங்கே சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டது. பயணிகள் மகிழ்ந்தனர், நாமும் மகிழ்ந்தோம். ஓடுபாதைக்குக் கீழேயும் சுற்றிலும் இருப்பது செம்மண். ஒவ்வொரு பரப்புக்கும் உறுதி எழுதியவர் ஒருவர் இருந்தார். பறத்தலை விரும்பும் நமது மாணவன், ஓடுபாதையை ஓடுபாதையாக மட்டும் பார்க்கும் வரம் பெற்றவன் அல்லன். அதனால் அவன் விருப்பத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. அவ்வட்டாரத்துக் கடற்கரைகளிலே தைப்பொங்கலன்று பட்டம் ஏற்றும் சிறுவனின் கண்களைப் பார்த்தவர் எவரும் அவ்வாறு பேசத் துணியார்.

இன்று பறப்பதற்குக் குன்றும் பத்துப்பேரும் வேண்டியதில்லை. 1978இல் பிரான்சின் மியெசி என்னும் மலையூரிற் பரசூட்டுக்காரர் சிலர் சரிவிலிருந்து ஓடிப் பறந்து காட்டினர். அதிலிருந்து வளர்ந்த துணியிறக்கையை முதுகுப்பையில் மடித்து எடுத்துச் செல்லலாம். இமாசலப் பிரதேசத்தின் பீர் பில்லிங் என்னுமிடத்தில், 2015இல் அவ்விளையாட்டின் உலகக்கிண்ணப் போட்டி நடந்தது. தனியாக ஏறித் தனியாக இறங்கலாம் என்பதால் நாம் மேலே சொன்னவை பழங்கதையாகிவிட்டன என்று ஒருவர் வாதிடலாம். அவ்விறக்கையைத் தைத்தவர் யார், இறங்கும் வயல் யாருடையது, பயணிகளைச் சுமந்து பறக்கும் உள்ளூர் இளைஞனுக்கு விபத்து நேர்ந்தால் அவன் குடும்பத்தைப் பார்ப்பவர் யார் என்னும் வினாக்கள் அங்கும் கிடக்கின்றன. ஆட்களைக் கண்ணுக்குப் புலப்படாத தூரத்துக்குத் தள்ளிவிட்டது ஒன்றே மாற்றம்.

வாசர்குப்பேயில் இன்றும் பறக்கின்றனர். போரின்பின் ஜேர்மனியிற் கிளைடர் பறத்தலுக்கு நேசநாடுகள் விதித்த தடை 1951இல் நீங்கிற்று. அதன்பின் பனிப்போர் அக்குன்றின் உச்சியில் ராடர்க் கோளங்களை நட்டது. அவற்றுள் ஒன்று இன்னும் நிற்கின்றது. வெண்கலக் கழுகும் நிற்கின்றது. கிளைடர்ப் பறப்புக்கென ஓர் அரும்பொருட்சாலையும் உண்டு. பெரும்பாலான கழகங்களில் றப்பர்க் கயிற்றின் இடத்தைப் பொறியினால் இழுக்கும் கம்பிவடம் பிடித்துக்கொண்டது. ஒற்றைச் சக்கரத்தில் நிற்கும் கிளைடர் ஓடத் தொடங்கும்போது ஒரு பக்கம் சரிந்துவிடாதிருக்க, இறக்கையின் நுனியைக் கையிலேந்திச் சில அடி தூரம் கூடவே ஓட ஒருவர் மட்டும் இன்றும் தேவைப்படுகின்றார்.